நாவலில் இல்லாத கதவு

ஜூன் 10

சென்னையிலிருந்து சேந்தன் தம்பி போனில் சொன்னார்: "படம் போடுற நாள்ல என்ன நடந்துச்சுன்னு தினம் எழுதி வைங்க ஐயா. புத்தகத்தோட கடைசியில போடலாம்." எனக்கு எழுதவும் வராது, வாசிக்கவும் வராது என்று முதல் நாளே சொல்லியாயிற்று. "அம்மா எழுதட்டுமே" என்கிறார். ஆகவே சொல்வது நான், எழுதுவது என் வீட்டுக்காரி செல்லக்கனி. எட்டாவது வரை படித்தவள். நான் பேசுகிற மாதிரியே எழுதிவிடாதே, புத்தகத்தில் வருகிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன். தன் இஷ்டத்துக்கு ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். சரி என்று தலையாட்டினாள்.

என் பெயர் குருவலிங்கம். ஊர் சிவகாசி. தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், காலண்டர் என்று ஆயுசு முழுக்கப் படம் போட்டவன். லேபிளில் இருக்கிற எழுத்தையும் நான்தான் வரைவேன். ஆனால் எனக்கு அது கொடி மாதிரி, பூ மாதிரி ஒரு உருவம், அவ்வளவுதான். ஒரு தடவை பார்த்த முகம் மறக்காது. ஒரு தடவை காதில் விழுந்த பேச்சும் மறக்காது. அதை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

சேந்தன் மறுபடி அச்சடிக்கிற நாவல் போன நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டில் வந்ததாம். படம் வேண்டும் என்கிறார். பட்டாசு லேபிளில் நான் புள்ளி வைத்து நிழல் போட்டதை எங்கேயோ பார்த்தாராம், அந்தக் கைதான் வேண்டும் என்கிறார்.

ஜூன் 12

செல்லக்கனி அடுப்பு வேலை முடித்துவிட்டு வாசிக்கிறாள், நான் கேட்கிறேன். கேட்டது மனசில் நிற்கும், பிறகு வரைய வேண்டியது. இதுதான் ஏற்பாடு.

கதை இது. மிராசுதார் சிதம்பரநாதருக்கு ஒரே மகள், பெயர் கமலாட்சி. வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் மேல் அவளுக்குப் பிரியம். அப்பன் கிழட்டு ஜமீனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறான். அவள் வாத்தியாரோடு போய்விடுகிறாள்.

கதை எனக்குப் பிரச்சினை இல்லை. எழுதியவன்தான் பிரச்சினை. கமலாட்சி முகம் பூரண சந்திரன். கண் கயல். நடை அன்னம். இடை உண்டோ இல்லையோ என்று பார்ப்பவர் மயங்குவார்களாம்.

"இடை இல்லைன்னா எப்படி வரைய? மேல பாதி தனியா, கீழ பாதி தனியாவா?"

"என்னைக் கேட்டா? எழுதினவரைக் கேளுங்க."

"அவன் செத்து எத்தனையோ காலமாச்சு."

"அப்ப நிலாவையும் மீனையும் வாத்தையும் வரைஞ்சு அனுப்புங்க."

"வாத்து இல்ல, அன்னம்."

"நீங்க அன்னத்தைப் பாத்திருக்கீகளா?"

கற்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறான். அவள் என்ன சேலை கட்டினாள், வீட்டு வாசற்கதவு ஒற்றைக் கதவா இரட்டைக் கதவா, அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. படம் போடுகிறவன் ஒருத்தன் பின்னால் வருவான் என்கிற நினைப்பே இல்லாமல் எழுதியிருக்கிறான்.

ஜூன் 13

கரண்ட் இல்லை. படமும் இல்லை.

ஜூன் 17

முதல் இரண்டு படத்தையும் போனில் போட்டோ எடுத்து அனுப்பினோம். எனக்காகச் சேந்தன் பேசியே பதில் அனுப்புகிறார். அரிக்கேன் விளக்கு வேண்டாமாம், குத்துவிளக்குதானாம். ரவிக்கைக் கை இவ்வளவு குட்டையாக இருக்காதாம். வாத்தியாருக்குக் குடுமி வேண்டுமாம்.

குடுமி வைத்த காதலன். வரைந்தேன். சண்டைக்குப் போகிறவன் மாதிரி வந்து நிற்கிறான். மறுபடி வரைந்தேன். இப்போது திவசத்துக்கு வந்தவன் மாதிரி இருக்கிறான்.

செல்லக்கனி பார்த்துவிட்டு, "இவனோட போறதுக்கு அந்த ஜமீனே தேவலை" என்றாள்.

ஜூன் 20

பழைய பதிப்பில் ஒரே ஒரு படம் உண்டாம். அதை அனுப்பியிருக்கிறார். ஒரு வெள்ளைக்காரச்சி குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பக்கத்தில் ஒரு நாய். கமலாட்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. அச்சாபீசில் படம் செதுக்கிக் கிடந்த மரக்கட்டை எதுவோ அதை வைத்து அடித்துவிட்டார்கள்.

இதில் எனக்கு ஆச்சரியம் கிடையாது. நான் போட்ட ஒரே மயில் தீப்பெட்டியிலும் ஏறியது, மூக்குப்பொடியிலும் ஏறியது, ஊதுபத்தியிலும் ஏறியது. ஆனால் அன்றைக்கு அந்த நாவலைக் காசு கொடுத்து வாங்கினவன் கதை முழுக்க அந்த நாயைத் தேடியிருப்பான், பாவம்.

ஜூன் 25

ஐந்து படம் முடிந்தது. சேந்தன் கூப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று இழுத்தார். இழுத்தாலே பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"ஐயா, அஞ்சு படத்துலயும் கமலாட்சி முதுகைத்தான் காட்டுறாங்க."

"முகம் பூரண சந்திரன்னு எழுதியிருக்கே தம்பி. வாசிக்கிறவன் அவனவன் சந்திரனை வச்சுக்கட்டும்."

"சரி. இடது தோள் மட்டும் எல்லாப் படத்துலயும் இறங்கியிருக்கே?"

"கனம் தூக்குனா இறங்கத்தான செய்யும்."

"கையில ஒண்ணும் இல்லையே ஐயா. பெட்டி, பை எதுவும் இல்லாமத்தான் வீட்டை விட்டுப் போறா."

தோளை நேராக்கித் தருகிறேன் என்றேன். அழித்துப் பார்த்தேன், தாள் நைந்துபோகிறது. தோள் இறங்கியபடியே இருக்கட்டும்.

வழக்கமாக நான் சேந்தனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டால் செல்லக்கனி சிரிப்பாள். இன்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 1

கொல்லையில் தரைக்குள் இருக்கிற தண்ணீர்த் தொட்டி, அந்தச் சம்ப்பைக் கழுவ ஆள் வந்தான். அடியில் ஒரு சாண் சேறு. "இங்கயே ஒரு குளியல் போடுங்க தாத்தா, புதுத் தண்ணி" என்றான். நான் சம்ப் பக்கம் குளிப்பதில்லை. எந்த வெயிலிலும் உள்ளேதான்.

பிறகு முடிந்த படங்களை அட்டைக்குள் வைத்துக் கொரியர் கடைக்குக் கொண்டுபோனோம். செல்லக்கனியும் ஒரு பார்சல் எடுத்துவந்தாள். முறுக்கு வாசனை வந்தது. "வெயில்ல நிக்காதீக, அந்த நிழலுக்குப் போங்க" என்றாள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே இருந்த ஆள் இரண்டு விலாசத்தையும் சத்தமாக வாசித்துச் சரிபார்த்தான். நாளைக்கே போய்விடும் என்றான்.

(இது படத்துக்குச் சம்பந்தமில்லை. — செ.)

ஜூலை 5

முதலாளி காலண்டருக்குச் சரஸ்வதி கேட்பான், வீணை கேட்பான், அன்னம் கேட்பான். போட்டுக் கொடுத்தால் முடிந்தது. நாவலுக்குப் படம் போடுவது அப்படி இல்லை. இந்தப் பக்கத்தில் இந்த ஆளுக்கு என்ன கோபம், அந்தக் கோபம் நாலாவது படத்தில் எவ்வளவு ஆறியிருக்கிறது, எல்லாம் கணக்கில் வைக்க வேண்டியிருக்கிறது. சிதம்பரநாதர் படத்துக்குப் படம் வேறு ஆளாக வருகிறார். மீசை ஒன்றுதான் அடையாளம்.

கோடு நேராக வரவில்லை. காப்பி வேண்டாம் என்றாள். குடித்தேன்.

ஜூலை 8

கடைசிப் படத்துக்கான அத்தியாயம். செல்லக்கனி, "எழுத்து மங்கலா இருக்கு, மொதல்ல நான் ஒருதரம் பாத்துக்கிறேன்" என்று ஜன்னலோரம் போய் உட்கார்ந்து வாசித்தாள். வெகுநேரம் வாசித்தாள். பிறகு எனக்கு வாசித்தாள்.

கமலாட்சி மழையில் திரும்பி வருகிறாள். கதவைத் தட்டுகிறாள். அப்பா அப்பா என்கிறாள். சிதம்பரநாதர் விளக்கை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திறக்கிறார். பார்க்கிறார். "சாப்பிட்டியா?" என்று கேட்கிறார். அவ்வளவுதான். அத்தியாயம் முடிந்தது.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை நாள் மூச்சுக்கு ஒரு 'அந்தோ', பேச்சுக்கு ஒரு 'ஐயகோ' போட்டவன், இன்று ஒன்றுகூடப் போடவில்லை. சந்திரன் இல்லை, கயல் இல்லை. எழுதி எழுதிக் கை களைத்துவிட்டது போல. ஆனால் இதுவரை எழுதியதிலேயே இதுதான் உருப்படி.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது தடவை சிதம்பரநாதர் கையில் விளக்குக்குப் பதில் தடி இருந்தது.

"முந்தி விளக்குன்னு வாசிச்ச."

"எழுத்து மங்கல்னு சொன்னேன்ல."

விளக்கையே வைத்துக்கொண்டேன். தடியோடு வருகிறவன் சாப்பிட்டியா என்று கேட்க மாட்டான்.

ஜூலை 11

கதவு வந்துவிட்டது. இரட்டைக் கதவு, ஒன்று மட்டும் திறந்திருக்கிறது. மழை வந்துவிட்டது. கமலாட்சி கதவைப் பார்த்து நிற்பதால் இதிலும் முதுகுதான், சேந்தன் வாயைத் திறக்க முடியாது. சிதம்பரநாதர் முகம்தான் வரமாட்டேன் என்கிறது. கோபம் வைத்தால் கதவைத் திறந்தது பொய்யாகிறது. அழவைத்தால் சினிமா ஆகிறது. சிரிக்கவைத்தால் பைத்தியக்காரன்.

தாள் கிழிந்துவிட்டது. அட்டையைத் தூக்கி மூலையில் எறிந்தேன். செல்லக்கனி எடுத்துத் துடைத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 14

முகம் வந்துவிட்டது. விளக்கைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்கவிட்டேன். வெளிச்சம் அவள் காலில் விழுகிறது. செருப்பு இல்லாத கால், முழுக்கச் சேறு. அவர் அந்தக் காலைத்தான் பார்க்கிறார். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாதவன் அங்கேதான் பார்ப்பான்.

செல்லக்கனியிடம் காட்டினேன். "நல்லா இருக்கு" என்றாள். என் லேபிள் எதையும் அவள் இதுவரை நல்லா இருக்கு என்று சொன்னதில்லை.

ஜூலை 16

சேந்தன் கூப்பிட்டார். கொரியரில் அனுப்பிய படம் கிடைத்துவிட்டதாம். போனைச் சத்தமாக வைத்து மேஜையில் போட்டிருந்தேன்.

"ஐயா, படம் பிரமாதம். இதுவரைக்கும் போட்டதுலயே இதுதான். ஆனா இது நாவல்ல இல்லையே."

"எது இல்ல?"

"கதவே திறக்க மாட்டார் ஐயா. அவ தட்டிப் பாத்துட்டுப் போயிடுவா. அவர் கொல்லைக்குப் போய்க் கிணத்துல தண்ணி இறைச்சுத் தலை முழுகுவார். மக செத்துட்டான்னு. அந்த அத்தியாயம்தானே இந்த நாவலுக்கே பேர் வாங்கிக் கொடுத்தது."

அடுப்படியில் மிக்ஸி ஓடியது. உள்ளே ஒன்றும் போடாமல் ஓடுகிற சத்தம்.

சேந்தன் தப்பாகப் பேசவில்லை. தலை முழுகுகிற படம் கட்டாயம் வேண்டும் என்றார். கடைசிப் படம் அதுதானாம். முடியாது என்றேன். "ஒரு புத்தகத்துல ரெண்டு பேர் கை கலந்தா நல்லா இருக்காது ஐயா. நீங்க இதைப் போடலைன்னா போட்டதையெல்லாம் எடுத்து வச்சிட்டு வேற ஆளைத்தான் பாக்கணும். எனக்கு அதுல இஷ்டமில்ல" என்றார்.

மிக்ஸியை நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"ஏன் மாத்துன?"

"நல்லா இல்ல, மாத்துனேன்."

"எழுதினவனுக்கு நல்லா இருந்திருக்கே."

"அவரு வீட்டுல யாரும் வாசிச்சிருக்க மாட்டாக."

என்னை ஏமாற்றிவிட்டாள் என்று எழுது என்றேன். எழுதிட்டேன் என்றாள். வாசி என்றேன். வாசித்தாள். என்னை ஏமாற்றிவிட்டாள் என்றுதான் வாசித்தாள். தாளில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 17

சொல்ல ஒன்றுமில்லை.

(ரசம், அப்பளம். சாப்பிடவில்லை. — செ.)

ஜூலை 19

உள்ளதை உள்ளபடி வாசி என்றேன். வாசித்தாள். அந்தோ எல்லாம் திரும்பி வந்துவிட்டது. மகளைப் பெற்ற வயிற்றைப் பற்றி, குலத்தின் பெருமையைப் பற்றி, மழை அழுததைப் பற்றி, பக்கம் பக்கமாகப் போகிறது. தலை முழுகுவது மட்டும் ஒரே வரி. "கூபத்தண்டை சென்று ஜலத்தைச் சிரசில் வார்த்துக்கொண்டு, எனக்குப் புத்திரியில்லை என்றான்." அவ்வளவுதான்.

எந்தப் பாத்திரம்? உட்கார்ந்தானா, நின்றானா? எந்தத் திசை பார்த்து? சட்டையோடா, இல்லாமலா? ஒன்றும் இல்லை. ஊருக்கெல்லாம் பெயர் வாங்கிய அத்தியாயமாம்.

செல்லக்கனி புத்தகத்தை மூடிவிட்டு, "வேற ஆளு போடட்டும். நீங்க போட வேண்டாம்" என்றாள். முதுகாகப் போட்டதெல்லாம் குப்பைக்கா என்று கேட்டேன். போகட்டும் என்றாள்.

ஜூலை 22

போட்டேன். காலையில் உட்கார்ந்தேன், சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. பென்சில் கோடுகூட இல்லை, நேரே நிப்புதான். இந்த நாவல் முழுக்கப் பட்ட பாடு இதில் ஒன்றுகூட இல்லை. எனக்கு அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

செல்லக்கனியிடம் காட்டவில்லை. பக்கத்து வீட்டு அமல்ராஜை விட்டுப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

ஜூலை 24

சேந்தன் கூப்பிட்டார். எடுத்ததும் கேள்விதான்.

"ஐயா, இதை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

"தெற்குப் பாத்து உக்காந்திருக்கார். சாவுக்குக் குளிக்கிற மாதிரியே. சரியா இருக்கு. ஆனா தண்ணி மூஞ்சில கொட்டுது, கண்ணைத் திறந்து வச்சிருக்காரே?"

"மூட மாட்டான்."

"ஏன் ஐயா?"

"தண்ணிக்குள்ள இருந்து பாக்கான் தம்பி. அவ போயிட்டாளா, நிக்கிறாளான்னு."

"அதையும் கேக்கணும்னு இருந்தேன். வேலி ஓரமா நிக்கிறாளே. முதல் தடவையா முகத்தைப் போட்டிருக்கீங்க. ஆனா நாவல்ல அவ அதுக்குள்ள போயிடுறாளே?"

"எழுதினவன் முன்வாசல்ல இருந்துக்கிட்டே எழுதியிருக்கான். கொல்லைப் பக்கம் வந்து பாக்கல. போகல அவ. கடைசித் தண்ணி ஊத்துற வரைக்கும் பையைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னா."

"பை இல்லையே ஐயா."

"இல்ல. பை இல்ல."

பிறகு சேந்தன், அவள் புருவத்துக்கு மேல் ஒரு வெட்டு மாதிரி தெரிகிறதே, மை சிந்திவிட்டதா, அழித்துவிடலாமா என்று கேட்டார். சிந்தவில்லை, சைக்கிளிலிருந்து விழுந்தது என்றேன். கமலாட்சிக்கு ஏது சைக்கிள் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இருக்கட்டும் ஐயா, அப்படியே போடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

(இத்துடன் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். படத்தை இப்போதுதான் பார்த்தேன். இவர் அங்கே சம்ப் மேல் உட்கார்ந்திருக்கிறார். வெயிலாக இருக்கிறது, வரச்சொன்னால் வரவில்லை. — செ.)

ஜூலை 26

நேற்றும் இன்றும் வேலை இல்லை. நிப்பைக் கழுவி வைத்தேன். மை பாட்டிலை மூடினேன். செல்லக்கனி நாவலைத் திரும்ப முதலிலிருந்து தனக்காக வாசிக்கிறாள். எனக்கு வாசித்ததில் வேறு எங்காவது கை வைத்தாயா என்று கேட்டேன்.

"வாத்தியாருக்கு ஒரு அம்மா இருந்தா. அவளை எடுத்துட்டேன்."

"ஏன்?"

"சதா அழுதா."

அதனால்தான் வாத்தியார் யாருமில்லாதவன் மாதிரியே எல்லாப் படத்திலும் நிற்கிறான். இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

ஜூலை 30

புத்தகம் அச்சுக்குப் போகிறது. இந்தக் குறிப்பையும் அனுப்பச் சொன்னார். வீட்டு விஷயமெல்லாம் கலந்து கிடக்கிறது, வெட்டிக்கொள்ளுங்கள் என்றேன். படித்துப் பார்த்துச் செய்கிறேன் என்றார்.

கதவு திறந்த படத்தைப் புத்தகத்தில் எங்கும் சேர்க்க முடியாதாம். பலவிதமாக யோசித்துப் பார்த்தாராம். "நாவல்ல இல்லாததைப் போட்டா என்னைத் திட்டுவாங்க ஐயா. ஆனா வீணாக்க மனசில்ல. உங்களுக்கே கொரியர்ல திருப்பி அனுப்பிடறேன்" என்றார்.

"இங்க வேண்டாம் தம்பி. வேற விலாசம் தாரேன், அங்க அனுப்புங்க. செல்லக்கனி இந்தக் குறிப்புலயே எழுதி அனுப்புவா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

"யாரு விலாசம்?" என்றாள்.

எழுது என்றேன்.

கதவு எண் பதினேழு, இரண்டாவது மாடி, பாரதி நகர் மூன்றாவது குறுக்குத் தெரு, தண்ணீர்த் தொட்டி எதிரில், ஓசூர். ஆறு மூன்று ஐந்து ஒன்று பூஜ்யம் ஒன்பது.

பேனா நின்றுவிட்டது. வேப்பமரத்தடிக்கும் கொரியர் கடைக்கும் எவ்வளவு தூரம் இருக்கும் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சினாள்.

"பேரு?"

"கு. பூங்கனி."

"இப்ப அவ இனிஷியல் வேறங்க. புருஷன் பேருதான் போடுவா."

"நான் சொல்றபடி எழுது. ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது."

கு. பூங்கனி.